எங்கள் கணனிக்கு வயது போன கதை



உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கணனி இருக்கக்கூடும். பிள்ளைகள் படிக்கட்டும் என்று எப்போதோ சீட்டுக் காசில் வாங்கியதாக இருக்கும். அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருக்கும். துணியின் மேல் இஸ்திரி போட வேண்டிய உடுப்புகள் குவிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தத் துணியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணனிக்குத் துணி போர்த்த நேரம் கிடைப்பதில்லை. மருதமுனையில் அநேக வீடுகளில் தறி இருந்ததுபோல என் வீட்டில் அது இருக்கிறது. பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், விண்ணப்பங்கள், கலியாண அழைப்பிதழ்கள் எல்லாம் நான் வீட்டிலிருந்தபடியே தட்டெழுதிக் கொடுக்கிறேன். 2016 இல் என் கணவர் அதை வாங்கித் தந்தபோது அது விளையாட்டுச் சாமானாகத்தான் எனக்குத் தெரிந்தது. 2022 இல் நாடு விழுந்தபோது, இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போனபோது, அவருடைய கடையும் படுத்துவிட்டது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பரீட்சைகளையே தள்ளிவைத்த காலம் அது. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்ததில் இந்தக் கணனிக்கும் பங்குண்டு.

2025 ஒக்டோபரில் அதன் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. விண்டோஸ் 10 க்கான ஆதரவு ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிகிறது என்றிருந்தது. விண்டோஸ் 11 க்கு மாறலாமா என்று பார்த்தால், இந்தக் கணனி அதற்குத் தகுதியில்லை என்று வந்தது.

"உம்மா, கொம்பியூட்டருக்கு வயசு போயிட்டு எண்டு சொல்லுது" என்றாள் மகள். அவள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

என் உம்மாவின் தையல் மெசின் என்னைவிட மூத்தது. இன்றும் தைக்கிறது. யாரும் அதற்குத் திகதி முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அப்படியிருக்க, சுவிட்சைப் போட்டால் பற்றிக்கொள்ளும் ஒரு கணனிக்கு எப்படி வயது போகும்? நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். உங்களுக்கும் அந்தக் கேள்வி வந்தால், எனக்குச் சொல்லித் தரப்பட்ட விளக்கத்தைச் சொல்கிறேன்.

கணனியின் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் இயங்க வைப்பது பணிசெயல் முறைமை. மகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. விண்டோஸ் அப்படியான ஒரு முறைமை. தையல் மெசினுக்கு வெளியே போய்வர வழியில்லை. இணையத்தில் இணைந்த கணனியோ தெருக்கதவு திறந்த வீடு மாதிரி. கள்ளர்கள் புதுப்புதுத் திறப்புகள் செய்துகொண்டே இருப்பார்கள். முறைமையைச் செய்தவர்கள் மாதாமாதம் பூட்டைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆதரவு முடிந்தது என்றால் பூட்டுத் திருத்துபவர் இனி வரமாட்டார் என்று அர்த்தம். அடுத்த நாளே கணனி நின்றுவிடாது. ஆனால் வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள், பிறரின் வினாத்தாள்கள் எல்லாம் அந்த வீட்டுக்குள்தான் இருக்கின்றன.

விண்டோஸ் 11 ஏன் எங்கள் கணனியில் ஏறாது? அதற்கு டீபீஎம் 2.0 என்றொரு பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய மூளை வேண்டும். எங்களுடையது ஆறாம் தலைமுறை. ஆயிரம் முறை தட்டினாலும் அந்தக் கதவு திறக்காது.

பஸாரில் ஒரு கடைத் தம்பியிடம் கேட்டேன். "புதுசு ஒண்டு எடுங்க ராத்தா. ஒண்டரை இலட்சத்துக்குள்ள பார்த்துத் தாறன்" என்றார். ஒன்றரை இலட்சம்! எத்தனை வினாத்தாள் அடித்தால் அந்தக் காசு சேரும் என்று வழியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்ந்தும் கணக்கு முடியவில்லை.

அந்த வார இறுதியில் என் மூத்த ராத்தாவின் மகன் பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தான். "சாச்சி, அவசரப்பட்டு வாங்காதீங்க" என்றான். மைக்ரோசொப்ட் இன்னும் ஒரு வருடத்துக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை, விண்டோஸ் 10 க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தர ஒரு வழி வைத்திருக்கிறது, முப்பது டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொப்ட் கணக்கொன்றில் நுழைந்து நம் அமைப்புகளை அதில் சேமிக்க விட்டால் காசில்லாமலும் கிடைக்கும் என்றான். நல்லதாய்ப் போயிற்று என்று எண்ணி, "அதைச் செய்து தா மகன்" என்று கதிரையை விட்டு எழும்பினேன்.

அவன் அங்குமிங்கும் அழுத்திப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "சாச்சி, இது காசு குடுத்து எடுத்த விண்டோஸ் இல்ல" என்றான்.

சகோதரிகளே, சத்தியமாக எனக்குத் தெரியாது. கணனி வாங்கிய இடத்தில் எல்லாம் போட்டுத் தந்தார்கள். விண்டோஸ் போட்டார்கள், வேர்ட் போட்டார்கள், அழைப்பிதழ் வடிவமைக்கும் கோரல்ட்ரோவும் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம் என்று இருந்துவிட்டேன். மூன்றுமே களவாகக் கொப்பி பண்ணப்பட்டவை. ஒன்பது வருடங்களாக நான் உழைத்தது இன்னொருவருடைய சாமானில்.

நம் வீடுகளில் இது பெரிய விடயமாகப் பேசப்படுவதில்லை. 'எல்லாரும்தான் செய்கிறார்கள்', 'அந்தப் பணக்காரக் கம்பனிக்கு நம்மால் என்ன குறை' என்று சொல்லிவிடுவோம். ஆனால் நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாக்கிறது. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபையும் இத்தகைய உரிமைகள் மார்க்கத்தில் மதிக்கப்பட வேண்டியவை, அவற்றில் வரம்பு மீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. தெரியாமல் பாவித்தது போகட்டும். இனித் தெரிந்துகொண்டு அதே திரைக்கு முன் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு உழைப்பதா? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. விண்டோஸ் 11 ஐ முறைப்படி வாங்குவதென்றால் வீட்டுப் பதிப்பின் அமெரிக்க விலையே 139 டொலர். அதை வாங்கினாலும் என் கணனியில் ஏறாது!

மறுநாள் காலை என் மருமகப் பிள்ளை ஒரு பென் ட்ரைவைக் கொண்டுவந்து செருகினான். அதில் இருந்தது லினக்ஸ் மின்ட்.

லினக்ஸ் என்ற சொல்லை நீங்கள் கேள்விப்படாதிருந்தாலும் அது உங்கள் கையிலேயே இருக்கிறது. அன்ட்ரொயிட் போன்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடும் கருவானது லினக்ஸ்தான். 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் தொடங்கியது. அதை எல்லோரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம் வட்டிலப்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். செய்முறையை ஒருவர் மறைக்கவில்லை. நீங்கள் ஏலம் கூட்டலாம், கஜு குறைக்கலாம். திருத்திய பண்டத்தைப் பிறருக்குக் கொடுத்தால் உங்கள் செய்முறையையும் கூடவே கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கொப்பி பண்ணுவது இங்கே களவல்ல, அனுமதிக்கப்பட்ட ஒன்று. அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

இலவசம் என்றால் தரமில்லாததாக இருக்குமோ என்று நானும் யோசித்தேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது நம் ஊர் பட்ட பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிந்துகொள்ள 'சஹானா' என்ற மென்பொருளை நம் நாட்டுத் தொண்டர்களே எழுதினார்கள். அதையும் இப்படித்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கும் அது பயன்பட்டது. இதை அவன் சொன்னபோது என் கணவர்கூட வந்து கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சரி, இரண்டில் எது நல்லது என்று கேட்பீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன்.

லினக்ஸ் மின்டைக் கணனியில் போடாமலே, பென் ட்ரைவில் இருந்தபடியே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென் ட்ரைவை இழுத்தெடுத்து மறுபடி சுவிட்சைப் போட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். உடுத்திப் பார்த்து வாங்குகிற மாதிரி. நாங்கள் மூன்று நாள் உடுத்திப் பார்த்தோம். போனைக் கேபிளில் செருகி டேட்டா எடுத்தோம், உடனே பிடித்துக்கொண்டது. ஸூம் வகுப்பு நடந்தது. வட்ஸ்அப்பை இணைய உலாவியில் திறந்தோம். மௌஸ் பிடிக்கத் தெரிந்தவருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. கீழ் மூலையில் பொத்தான், அதை அழுத்தினால் பட்டியல், எல்லாம் கண்ணுக்குப் பழகிய இடத்திலேயே.

வேகத்தைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முன்பு கணனியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் அது விழித்திருக்காது. இப்போது தண்ணீர் கொதிக்க முன்பே தயார். ஆனால் லினக்ஸ்தான் அப்படிப் பறக்க வைத்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்று போட்டோம். அதனால் வந்த மாற்றம்தான் பெரியது. விண்டோஸ் வைத்திருப்பவர்களும் அதைச் செய்தால் பலன் காண்பார்கள். என்றாலும் நாலு ஜீபீ நினைவகம் உள்ள கணனியில் மின்டின் எளிய பதிப்பான எக்ஸ்எப்சீஈ இலகுவாக ஓடுகிறது. விண்டோஸ் 10 அதே நாலு ஜீபீயில் திணறியது.

டேட்டா விடயத்தில் எனக்கு லினக்ஸ்தான் பிடித்திருக்கிறது. எந்தத் திருத்தம் எத்தனை எம்பீ என்று பட்டியலிட்டுக் காட்டிவிட்டு நான் சொல்லும்வரை காத்திருக்கிறது. விண்டோஸில் மாதக் கடைசியில் டேட்டா எங்கே போனதென்றே தெரியாமல் பிள்ளைகளை ஏசியிருக்கிறேன். அதிலும் 'மீற்றர் இணைப்பு' என்று குறித்துவைத்தால் பெரிய இறக்கங்கள் நிற்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள்.

என்னிடம் வருகிற ஆசிரியைகளின் பென் ட்ரைவ்களில் பாதிக்கு மேல் வைரஸ்தான். கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிக் கோப்புகளாக மாறியிருக்கும். அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, லினக்ஸில் ஓடமாட்டா. எனக்கு நிம்மதி. ஆனால் அழிக்காமல் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வீட்டு விண்டோஸில் அது தன் வேலையைக் காட்டும். ஆகவே கண்டதை அழித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இனித் தமிழ். என் பிழைப்பே அதில்தான் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். நம் நாட்டில் பலர் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறோம். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் முகமூடி, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் முகமூடி கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். லினக்ஸிலும் பாமினி எழுத்துருக் கோப்பை உரிய இடத்தில் கொப்பி பண்ணி வைத்தால் பழைய வினாத்தாள்கள் எல்லாம் உயிர்பெறுகின்றன. யுனிகோட்டில் அடிக்க நமக்குப் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. பாமினி பழகிய என் விரலுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையையும் அதில்தான் அடிக்கிறேன்.

வேர்ட் லினக்ஸில் இல்லை. அதற்குப் பதில் லிப்ரே ஒபிஸ். அது வேர்ட் கோப்பைத் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேமிக்கும். ஆனால் சற்று நகர்த்திவிடும்! அந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். தரம் ஒன்பது விஞ்ஞான வினாத்தாள் ஒன்றை லிப்ரே ஒபிஸில் அடித்து வேர்ட் கோப்பாக அனுப்பினேன். பாடசாலையில் வேர்ட்டில் திறந்து, பார்க்காமலே எண்பது பிரதி எடுத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஆசிரியை போன் எடுத்தார்: "ராத்தா, அட்டவணை ஒடைஞ்சி கடைசிக் கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போயிட்டு. விடிஞ்சா பரீட்சை." கடதாசிக் காசை நான்தான் கொடுத்தேன். பிழை லினக்ஸிலும் இல்லை, வேர்ட்டிலும் இல்லை, இரண்டும் ஒன்றென்று நம்பிய என்னில்தான். இப்போது திருத்தம் முடிந்த எதையும் பீடீஎப் ஆக்கித்தான் அனுப்புகிறேன். பீடீஎப் எங்கே திறந்தாலும் அசையாது.

விண்டோஸின் பக்கமும் பேச வேண்டும். அது பழுதானால் நம் ஊரில் சந்திக்குச் சந்தி திருத்தத் தெரிந்த தம்பிமார் இருக்கிறார்கள். லினக்ஸ் என்றால் அநேகர் தலையைச் சொறிகிறார்கள். எங்கள் அச்சுப்பொறி இரண்டு நாள் மௌனவிரதம் இருந்தது. மருமகப் பிள்ளை தூர இருந்து போனில் சொல்லச் சொல்ல நான் செய்து, பக்கம் வெளியே வந்தபோது அஸருக்கு நேரமாகிவிட்டது. சின்ன மகன் விளையாடும் விளையாட்டொன்று லினக்ஸில் வரவே இல்லை. இரண்டு நாள் அழுதான். அதில் எனக்குப் பெரிய கவலையில்லை. மகளுடைய கவலைதான் நியாயமானது. பாடசாலை ஆய்வுகூடத்தில் விண்டோஸும் வேர்ட்டும் எக்செலும் இருக்க, வீட்டில் வேறொன்றில் பழகினால் பொத்தான்கள் குழம்பாதா? கொஞ்சம் குழம்பத்தான் செய்தது. பிறகு, இரண்டிலும் ஒரே வேலையைச் செய்யப் பழகியதால் எந்தப் பொத்தான் ஏன் இருக்கிறது என்று அவள் எனக்கே விளக்குகிறாள்.

புதிய கணனியை அதற்குரிய அனுமதியோடு வாங்கியவர்கள், அலுவலகக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் விண்டோஸை விட்டு ஓட வேண்டியதே இல்லை. பழைய கணனி, படிப்பு, இணையம், கடிதம், ஓதல் கேட்பது, பேரப்பிள்ளையோடு படத்தில் கதைப்பது என்றிருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் தாராளம். 2024 ஜூலையில் வந்த 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை பூட்டுத் திருத்துபவர் வருவார். மாறுவதென்றால் ஒரேயொரு விடயம்: போடும்போது 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆமென்று சொல்ல முன் எல்லாவற்றையும் வேறிடத்தில் கொப்பி எடுத்திருக்க வேண்டும். நாங்கள் படங்களையும் வினாத்தாள்களையும் இரண்டு இடத்தில் எடுத்தோம். நல்லவேளையாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் எறியாமல் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து, மௌத்தான என் மாமியின் குரல் பதிவொன்று எங்கே என்று கணவர் கேட்டார். அது நாங்கள் எடுத்த இரண்டு கொப்பியிலும் இல்லை. அலுமாரித் துணிக்குள்தான் இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் வலிக்கிறது. கோரல்ட்ரோ லினக்ஸில் இல்லை. முறைப்படி வாங்க வசதியும் இல்லை. அச்சகங்கள் அழைப்பிதழ்களை அந்தக் கோப்பாகவே கேட்கும். கலியாணக் காலத்தில் மாதம் ஏழெட்டாயிரம் தந்த வேலை கைவிட்டுப் போயிற்று. 'விண்டோஸை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளேன், யாருக்குத் தெரியும்' என்று சொன்னவர்கள் உண்டு. அந்த மாதம் மின்சாரக் கட்டணம் வந்தபோது நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

இங்க்ஸ்கேப் என்றொரு இலவச வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வைத்து இரண்டு மாதம் பழகினேன். போன கிழமை எங்கள் தெருவில் ஒரு கலியாணத்துக்கு அதில் அழைப்பிதழ் செய்து, பீடீஎப் ஆக்கி, கணவரோடு அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மணமகளின் பெயரை, திகதியை, பூவேலையை, ஓரத்தை எல்லாம் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் சரியா நிக்கிது. ஆனா கோரல் ஃபைல் இல்லாட்டி ஒரு புள்ளி மாத்துறதெண்டாலும் உங்களிட்டத்தானே வரணும் ராத்தா?"

"வாங்க. வீட்டிலதான் இருப்பன்" என்றேன்.

இருநூறு பிரதிக்கு ஓடர் எழுதிக்கொண்டார்.